வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்கள்: அல்சூர் படிப்பகத்தில் எதை மாற்றுவது?

படிப்பகம்_அல்சூர்

வணக்கம். பெங்களூர் அல்சூரில் ஒரு இலவசப் படிப்பகம். நாளிதழ்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள், சனி ஞாயிறுகளில் ஓய்வூதிய மனு எழுதித் தரும் மேசை. யாரும் வரலாம், காசு கிடையாது. ஆனால் ஆட்கள் எதிர் டீக்கடையில் நின்று பார்க்கிறார்கள், கேட் வரை வருகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். வயதானவர்களும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும்தான் அதிகம் திரும்புகிறார்கள்.

கட்டடம் இப்படி: கிழக்குப் பார்த்த 30க்கு 40 அடி சைட். முன்னால் 2.4 மீட்டர் விட்டிருக்கிறது. ரோட்டோரம் 1.5 மீட்டர் உயரக் காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். மூன்று படி ஏறினால் நட்டநடுவில் 12 மிமீ கண்ணாடிக் கதவு. உள்ளே 7.5க்கு 5 மீட்டர் ஹால், உயரம் 3 மீட்டர். கதவைத் திறந்ததும் 2.5 மீட்டரில் வரவேற்பு மேசை. தரை வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், படிகள் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். கேட் பக்கத்தில் செக்யூரிட்டி நாற்காலி. கட்டட உரிமையாளர் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு ஒப்புக்கொள்வார். பெயர்ப்பலகையைப் பெரிதாக்கலாம் என்பது கமிட்டியின் யோசனை. வேறு என்ன செய்யலாம்?

மட்டப்பலகை

பலகையைப் பெரிதாக்கினால் இன்னும் நிறையப் பேர் கேட் வரை வந்து திரும்புவார்கள். டீக்கடையில் நின்று பார்க்கிறவருக்கு இது என்ன இடம் என்று தெரியாமல் இல்லை. உள்ளே போனால் என்ன நடக்கும், பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் வெளியே வர முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ரோட்டிலிருந்து நாற்காலி வரை வரிசையாகப் பாருங்கள். பாதி மூடிய கேட், செக்யூரிட்டி, படி, கனமான கதவு, நேர் எதிரே ஓர் ஆள், வெள்ளைத் தரை. ஒவ்வொன்றிலும் வருகிறவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் நின்று யோசிக்க ஓர் இடம்கூட இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றால் தெரு, கேட்டைத் தாண்டினால் ‘உள்ளே வந்துவிட்டவர்’.

நம் ஊர் வீடுகளில் தெருவுக்கும் நடைக்கும் நடுவே திண்ணை இருந்தது இதற்குத்தான். வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் உட்காரலாம், எழுந்து போகலாம். வேண்டுமென்றால் உள்ளே குரல் கொடுக்கலாம். உங்கள் கட்டடத்தில் அந்தப் பாதி இடம் இல்லை.

லக்ஸ்மீட்டர்

கண்ணாடிக் கதவை முதலில் பார்க்கணும். ‘கண்ணாடி போட்டால் உள்ளே தெரியும்’ என்று நம்பித்தான் எல்லோரும் போடுகிறார்கள். பகலில் தெரியாது. கணக்கு சொல்கிறேன்.

கிழக்குப் பார்த்த கட்டடம் என்றால் எதிர் வரிசை வீடுகளின் முகப்பு மேற்குப் பார்த்தது. மாலை 3 மணிக்கு மேல் வெயில் அந்தச் சுவர்களில் நேராக அடிக்கும். சுவரில் 50,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) விழுகிறது, வெளிர் நிறச் சுவர் அதில் 60 சதத்தைத் திருப்புகிறது என்று வைத்தால், சுவரின் ஒளிர்வு, அதாவது கண்ணுக்குத் தெரியும் பிரகாசம், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9,500 கேண்டெலா. சாதாரணக் கண்ணாடி 8 சதம் பிரதிபலிக்கும். ஆக, கதவில் தெரியும் எதிர்வீட்டு பிம்பத்துக்கு மட்டும் சுமார் 760. உங்கள் ஹாலின் பின்சுவரில் 200 லக்ஸ் இருந்தாலும் அதன் ஒளிர்வு 45தான். 760க்கு எதிரே 45! டீக்கடையில் நிற்கிறவருக்குக் கதவில் டீக்கடைதான் தெரியும்.

தூக்குக்குண்டு

உள்ளே இன்னும் நாலு எல்இடி பேனல் போட்டால் சரியாகிவிடாதா?

லக்ஸ்மீட்டர்

ஆகாது அண்ணே. அந்த 760ஐ எட்டவே பின்சுவரில் 3,400 லக்ஸ் வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆகிவிடும், உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் ஓடிவிடுவார்.

இருக்கிற ஒரே மலிவான வழி, திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கதவைத் திறந்தே வைப்பது. கண்ணாடி இல்லை என்றால் பிம்பமும் இல்லை. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏசி இல்லாத ஹாலுக்குக் கதவு மூடியிருக்க அவசியமே இல்லை. கதவைத் தானாக மூடும் ஃப்ளோர் ஸ்பிரிங்கில் பெரும்பாலும் 90 டிகிரியில் நிற்கும் வசதி இருக்கும். அது தேய்ந்திருந்தால் தரையில் ஒரு டோர் ஸ்டாப்பர் போதும். கொசுவுக்கு மாலை 6க்கு மேல் வலைக் கதவு.

இருட்டியபின் கதை தலைகீழ். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். இப்போது கூச்சம் உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு. தெருவே தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு. ஜன்னல் கண்ணாடியில் தரையிலிருந்து 1.2 மீட்டர் வரை மங்கல் ஃபிலிம் ஒட்டுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியே நடக்கிறவருக்கு உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும், யார் எந்தப் பக்கம் படிக்கிறார்கள் என்று தெரியாது.

சாய்தளம்

அந்தக் கதவின் எடையையும் யாராவது சொல்லணும். கண்ணாடி 1 மிமீ தடிமனுக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 12 மிமீ என்றால் 30 கிலோ. 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத்துக்கு 63 கிலோ. ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் எழுபது வயதுப் பாட்டி தள்ளிப் பார்த்துவிட்டு ‘பூட்டியிருக்கு’ என்று முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலான கண்ணாடிக் கதவுகளில் இரு பக்கமும் ஒரே மாதிரி நீளக் கம்பிப் பிடி. தள்ளுவதா இழுப்பதா என்று பிடியைப் பார்த்துத் தெரியாது. தள்ளும் பக்கம் தட்டையான தகடு, இழுக்கும் பக்கம் மட்டும் பிடி. அப்புறம் எழுத்தே வேண்டாம். மூடும் வேகத்தை ஸ்பிரிங் பெட்டியில் உள்ள வால்வைத் திருகிக் குறைக்கலாம். 90 டிகிரியிலிருந்து மூட 5 விநாடியாவது எடுக்கணும்.

படிகளுக்கு வருவோம். பிளிந்த் (வெளித்தரையிலிருந்து கட்டடத் தளம் வரை உயரம்) 450 மிமீ, மூன்று படி, தலா 150. தேசியக் கட்டட விதித்தொகுப்பு பொதுக் கட்டடத்துக்குச் சொல்கிற உச்ச உயரமும் 150தான், மிதி (கால் வைக்கும் அகலம்) குறைந்தது 300. காகிதத்தில் சரி. தளத்தில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு ஏறும், முதல் படி மட்டும் சிறுத்துவிடும். 110, 150, 150 என்று இருந்தால் கால் முதல் படியில் கற்ற உயரத்தை இரண்டாவதில் எதிர்பார்க்கும், தட்டும். ஏறுகிறவர் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே ஏறுவார். தலை நிமிரும்போது நேரே வரவேற்பு மேசைக்காரர் முகம்.

பாலிஷ் கறுப்பு கிரானைட் இதற்கு ஏற்ற கல்லே அல்ல. நனைந்தாலும் நனையாவிட்டாலும் ஈரம் போலத் தெரியும், படி விளிம்பு கண்ணுக்குப் பிடிபடாது. பார்வை மங்கியவருக்குக் கறுப்புப் பட்டை பள்ளம் மாதிரி. கல்லை மாற்ற வேண்டாம். மெஷின் கொண்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, விளிம்பில் 50 மிமீ மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டை கொடுங்கள்.

படிப்பகம்_அல்சூர்

அளந்து பார்த்தோம். முதல் படி 120, மற்ற இரண்டும் 165. சாய்தளம் போடத்தான் ஆசை, முன்னால் 2.4 மீட்டர்தானே இருக்கிறது?

சாய்தளம்

1:12 கணக்கில் (1 ஏற 12 நீளம்) 450 மிமீ ஏற 5.4 மீட்டர் நீளம். அடியிலும் முடியிலும் தலா 1.5 மீட்டர் சமதளம். மொத்தம் 8.4. உங்கள் முகப்பு 9.1 மீட்டர். முகப்புக்கு இணையாகப் போட்டால் அடங்கும், அகலம் 1.2 மீட்டர். ஆனால் கதவு நடுவில் இருக்கும்வரை அடங்காது. நடுக் கதவுக்கு ஏற மடித்துத்தான் போடணும், இரண்டு வரிசையே 2.4 மீட்டரைத் தின்றுவிடும், படிக்கு இடம் இருக்காது. நிறைய இடங்களில் இந்த நெருக்கடியில்தான் 1:6, 1:5 என்று செங்குத்தாக ஒன்றைக் கட்டி, கைப்பிடியும் வைக்காமல் விடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. பைக் ஏறும்.

மட்டப்பலகை

கதவை நகர்த்துங்கள்.

தெற்கு ஓரத்தில் ஜன்னல் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தூண், விட்டம் போட்ட கட்டடமா, ஜன்னலும் கதவும் ஒரே லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போகும் குறுக்கு விட்டம்) மட்டத்தில், 2.1 மீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ஜன்னலுக்குக் கீழே உள்ள பிளாக் சுவரை மட்டும் வெட்டினால் கதவாகிவிடும். மேலே எதையும் தொட வேண்டாம். சுவரே கூரையைத் தாங்கும் பழைய கட்டடம் என்றால் ஜன்னல் அகலத்துக்குள்ளேயே வெட்டணும், ஒரு அங்குலம்கூட அகலப்படுத்தக் கூடாது.

இதனால் என்னென்ன கிடைக்கிறது பாருங்கள். சாய்தளம் வடக்கு மூலையில் தொடங்கித் தெற்கு மூலையில் முடியும், படிகள் மேல் சமதளத்துக்கு முன்னால் இறங்கும் (1.5 சமதளம், 0.6 படி, ஆக 2.1 மீட்டர், அடங்குகிறது). ஏறி வருகிறவர் சுவரை ஒட்டி நடந்து வரும்போதே ஜன்னல்கள் வழியாக உள்ளே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வருவார். அலமாரி தெரியும், உட்கார்ந்திருப்பவர்கள் தெரிவார்கள், தன்னைப் போன்ற ஓர் ஆள் உள்ளே இருப்பது தெரியும். கதவுக்கு வரும்போது பாதி பழகியிருப்பார். மேசையும் இனி நேர் எதிரில் இல்லை.

வடக்கே பன்னேருகட்டா சாலையிலிருந்து ஐஐஎம் வளாகத்துக்குள் போனவர்களுக்கு இது புரியும். கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி அங்கே போட்ட தாழ்வாரங்களில் சில இடம் மூடியது, சில இடம் மேலே விட்டங்கள் மட்டும், சில இடம் வானம். எந்த இடத்தில் ‘உள்ளே’ தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

தூக்குக்குண்டு

பன்னேருகட்டா ரோடு தெற்கே போவது. ‘வடக்கே’ எங்கிருந்து வந்தது? 🙂

மேசை விஷயத்துக்கு ஒரு வார்த்தை. 1.1 மீட்டர் உயரக் கவுண்டர் பேங்க் மாதிரி. 750 மிமீ சாதா மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி போதும். மனு எழுதிக் கொடுக்கிற இடத்தில் ஒருவர் நின்றும் ஒருவர் உட்கார்ந்தும் பேசுவது நல்லாயில்லை.

மட்டப்பலகை

திசை தப்புதான், வளாகம் பன்னேருகட்டா சாலையில் என்று மட்டும் படிக்கவும்.

மேசை எவ்வளவு தள்ளி என்பதும் முக்கியம். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1960களில் வகுத்த தூரங்கள்: 1.2 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரை, அறிமுகமில்லாதவர்கள் பேசிக்கொள்ளும் தூரம். உங்கள் 2.5 மீட்டர் அதன் நடுவில். அந்தத் தூரத்தில் கண்ணும் கண்ணும் பட்டால் ஏதாவது சொல்லியே ஆகணும். வருகிறவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்பதைத் தவிர. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் வெளியே நிற்கிறார். மேசையை 4 மீட்டருக்கு அப்பால், கதவுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள். தேடினால் கிடைக்கணும், தானாக முறைக்கக் கூடாது. அளவுகோல் அமெரிக்கர்களைப் பார்த்து எழுதியது, நம் ஊரில் அரை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்.

செக்யூரிட்டி நாற்காலியும் அப்படித்தான். கேட்டிலிருந்து எடுத்து ஹாலுக்குள் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டால் அதே அண்ணன் காவல்காரரிலிருந்து உதவியாளராக மாறிவிடுவார்.

கல்மண்டபம்

எல்லோரும் தயக்கத்தை வியாதி மாதிரி பேசுகிறீர்கள். கோயிலில் கோபுர வாசலின் உயரமென்ன, அர்த்த மண்டபத்தின் உயரமென்ன? உள்ளே போகப் போகக் கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது, கல் நிலைப்படியைக் காலைத் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆளை நிதானப்படுத்தத்தான் அந்த அமைப்பு. படிக்கிற இடத்துக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டாமா? விதான சௌதாவின் முன்படிகளைப் பார்த்தால் யாருக்கும் ஒரு நிமிர்வு வரும்.

மட்டப்பலகை

கோயிலுக்கு வருகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது, எங்கே நிற்கணும், எப்போது கிளம்பணும் எல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தத் தயக்கம் அவர் விரும்பி ஏற்பது. படிப்பகத்துக்கு முதல்முறை வருகிறவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. கோயிலில்கூடப் பெரிய கதவு திறந்தே கிடக்கிறது, மண்டபத்தில் படுத்துத் தூங்குகிறவரை யாரும் விசாரிப்பதில்லை.

விதான சௌதா 1956ல் முடிந்தது. அந்தப் படிகளுக்கும் ரோட்டுக்கும் நடுவே இன்று வேலி, காவல். எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். 1935ல் கட்டிய டவுன் ஹாலுக்கும் முன்னால் அகலப் படிகள்தான், தூண்கள்தான், கம்பீரத்துக்குக் குறைவில்லை. அங்கே ஜனங்கள் உட்கார்ந்தார்கள், கொடி பிடித்தார்கள், கூட்டம் போட்டார்கள். படி உயரமாக இருப்பது மட்டும் ஆளை நிறுத்துவதில்லை. படிக்கு முன்னால் என்ன நிற்கிறது என்பதும் சேர்ந்துதான்.

கல்மண்டபம்

டவுன் ஹால் சரி. ஆனால் ஹாலுக்குள்ளேயாவது ஓர் அமைதியான மூலை வையுங்கள். முழுக்கத் திறந்த இடத்தில் படிக்க முடியாது.

எதிரொலி

கல்மண்டபம் சொன்ன மூலைக்கு முன்னால் சத்தத்தைப் பார்க்கணும். 7.5க்கு 5க்கு 3 மீட்டர், கன அளவு 112.5. டைல்ஸ், பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை எல்லாம் சேர்ந்து 150 சதுர மீட்டர், உறிஞ்சும் திறன் சராசரி 0.03. எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரத்தில் 0.161ஐ 112.5ஆல் பெருக்கி 4.5ஆல் (150 பெருக்கல் 0.03) வகுத்தால் காலி ஹாலில் எதிரொலி அடங்க 4 விநாடி. புத்தகங்களும் ஒரு டஜன் ஆட்களும் இருந்தால் 2க்குச் சற்றுக் கீழே வரலாம். வகுப்பறைக்கு 0.6 முதல் 0.8 நல்லது.

அந்த ஹாலில் நாற்காலியை இழுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஓய்வூதிய மனுவுக்கு வந்த அம்மா சொல்லும் வருமானம், வயது, புருஷன் இறந்த தேதி எல்லாம் கடைசி நாற்காலி வரை கேட்கும். அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

25 மிமீ மரநார்ப் பலகையைக் கூரையில் நேரடியாக ஒட்டாமல் 50 மிமீ இடைவெளி விட்டு ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டத்தில்) அடியுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் பேச்சின் தாழ்ந்த ஒலிகள் உறிஞ்சப்படாது. கூரை முழுக்கப் போட்டால் 0.6 விநாடிக்கு இறங்கும். காசு இல்லையென்றால் மனு மேசைக்கு மேலும், அதன் பின்சுவரிலும் மட்டும். பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள், ரோலரில் கெட்டியாக அடித்தால் துளைகள் அடைந்து பலகை வெறும் அலங்காரமாகிவிடும். ஸ்பிரேயில் மெல்லிசாக. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி மறக்க வேண்டாம், இருப்பதிலேயே மலிவான வைத்தியம் அது.

சாய்தளம்

செருப்பு பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. பளபளக்கும் வெள்ளைத் தரையைக் கண்டதும் நம் ஆட்களுக்குக் கை தானாகச் செருப்புக்குப் போகும். உள்ளே இருப்பவர்கள் ஷூவோடு உட்கார்ந்திருந்தால் இன்னும் குழப்பம். கழற்றினால் வெளியே யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ என்று பயம், கழற்றாவிட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று கூச்சம்.

ஒன்றை முடிவு செய்து இடமே சொல்லும்படி செய்யுங்கள். செருப்போடு வரலாம் என்றால் கதவுக்கு உள்ளே முதல் 2 மீட்டருக்குக் கடப்பா அல்லது மங்கலான சாம்பல் டைல்ஸ், மூன்று நாலு தப்படி நடக்கும் நீளத்துக்குக் கயிற்று மிதியடி. கழற்றணும் என்றால் ரேக்கை உள்ளே, படிக்கிற நாற்காலியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். பக்கத்தில் 450 மிமீ உயரத்தில் ஒரு பெஞ்சும் சுவரில் ஒரு கைப்பிடியும். முதியவர்கள் ஒற்றைக் காலில் நின்று வார் கழற்ற முடியாது.

மட்டப்பலகை

மூலை பற்றி: மூலைகளும் சுவரோர நாற்காலிகளும்தான் முதலில் நிரம்பும், நடு மேசை கடைசியில். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு முன்னால் கதவு. ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975ல் நிலக்காட்சிகளை வைத்துச் சொன்ன விஷயம், ஹாலுக்கும் பொருந்தும். நடுவில் ஒரு பெரிய மேசைக்குப் பதில் 1.2 மீட்டர் உயர அலமாரிகளை முதுகாக வைத்து மூன்று சின்னக் குழுக்களாகப் பிரியுங்கள். உட்கார்ந்தால் மறைப்பு, நின்றால் ஹால் முழுக்கத் தெரியும். அலமாரி 1.8 மீட்டர் ஆனால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, பெண்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

காம்பவுண்டுச் சுவரை 450 மிமீக்கு வெட்டி, மேலே 400 மிமீ அகல, 50 மிமீ தடிமன் சாதரஹள்ளிக் கல் (சாம்பல் கிரானைட்) வைத்தால் அதுவே திண்ணை. அடிவிளிம்பில் தண்ணீர் சொட்டும் கோடு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் சுவரில் வழிந்து ஒரே வருஷத்தில் கறை.

தூக்குக்குண்டு

திண்ணை போட்டால் ராத்திரி குடிகாரர்கள் வந்து உட்காருவார்கள். அல்சூரில் இது கற்பனை இல்லை. 2.4 மீட்டர் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள், மீதி 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கதவுக்கு ரோலிங் கிரில்.

மட்டப்பலகை

ராத்திரிப் பயத்துக்காகப் பகல் வசதியை வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விளக்கு போடுங்கள், டீக்கடையின் கண் இருக்கிறது. ஆனால் உரிமையாளர் 2.4தான் தருவார் என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டை ஒட்டிய பக்கமாக.

லக்ஸ்மீட்டர்

திண்ணைக்கு மேல் 1.2 மீட்டர் நீட்டிய சாய்ப்பு ஒன்று இருந்தால் நல்லது. வெயிலில் 80,000 லக்ஸிலிருந்து ஹாலின் 200க்கு நேராக நுழைந்தால் முதல் சில விநாடி எதுவும் தெரியாது. கண்மணி விரியச் சில விநாடி, விழித்திரை பழக நிமிடக்கணக்கு. நிழலில் கொஞ்சம் நின்று வந்தால் அந்தத் தடுமாற்றம் பாதி குறையும். கதவுக்கு உள்ளே முதல் இரண்டு மீட்டரில் எந்த அறிவிப்பும் ஒட்டாதீர்கள், அங்கே யாரும் படிப்பதில்லை.

பலகை: கர்நாடகத்தின் 2024 சட்டத் திருத்தத்தின்படி 60 சதம் கன்னடம். மீதியில் தமிழ். 3 மீட்டருக்கு 25 மிமீ என்ற கணக்கில், எதிர்ப்பக்கம் 9 மீட்டரிலிருந்து படிக்க 75 மிமீ எழுத்து. கொம்பும் சுழியும் சேர்க்காமல் அடி எழுத்தின் உயரம் அது. பெயரைவிட ‘கட்டணம் இல்லை, பெயர் எழுத வேண்டாம், சும்மா உட்காரலாம்’ என்ற வரி கேட் உயரத்தில் இருக்கட்டும்.

படிப்பகம்_அல்சூர்

நன்றி எல்லோருக்கும். பணம் குறைவு. எதிலிருந்து தொடங்குவது? சாய்தளத்தின் அடி மோரி (சாக்கடை) ஸ்லாப் மேல் வருமே, அது பரவாயில்லையா?

சாய்தளம்

மோரி ஸ்லாபின் மேல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். அது மாநகராட்சியுடையது, தூர் வாரும்போது பெயர்த்தெடுப்பார்கள், உங்கள் சாய்தளத்தின் முதல் மீட்டர் அதோடு போகும். அடிச் சமதளத்தைச் சைட்டுக்குள்ளேயே முடியுங்கள், 9.1 மீட்டரில் 0.7 மிச்சம் இருக்கிறது.

முதல் வாரம் செலவில்லாதவை: கேட் இரண்டு பக்கமும் திறப்பு, கதவைத் திறந்து நிறுத்துவது, மேசையைத் திருப்புவது, செக்யூரிட்டி நாற்காலி, ரப்பர் குப்பி. தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரமும் பிறகு ஒரு வாரமும் மாலை 4 முதல் 6 வரை டீக்கடையிலிருந்து ஒருவர் எண்ணட்டும்: கேட்டில் நின்றவர், உள்ளே வந்தவர், படியில் திரும்பியவர், தனித்தனியாக. படியில் திரும்புகிறவர் அதிகம் என்றால் சாய்தளத்துக்குப் பணம். கேட்டிலேயே திரும்பினால் முதலில் சுவரை வெட்டுங்கள்.